பொழுதுபோக்காகச் செதுக்கும் மர பொம்மை... விற்பனை செய்தால் கட்டுப்படியாகுமா?

“மானாவாரியில் நிலக்கடலை சாகுபடி செய்யும் எங்கள் அப்பா, ஓய்வு நேரத்தில் வேப்பங்கட்டை, வாகைக்கட்டையில் காளை, யானை பொம்மைகள் செதுக்குவார். இதுவரை உறவினர்களுக்குச் சும்மாதான் கொடுத்து வந்தார். இப்போது டவுன் வியாபாரி ஒருவர், ‘நவராத்திரிக்குள் 200 காளை வேண்டும். ஒன்றுக்கு 150 ரூபாய் தருகிறேன்’ என்று 10,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுக்க வருகிறார். மூன்று மாதம் இருக்கிறது. ‘சும்மா கொடுத்ததற்குக் காசு வந்தால் லாபம்தானே’ என்கிறார் அப்பா. வாங்கலாமா?”

– வாசகி, செங்கம்.

இந்த அட்வான்ஸை வாங்குவதற்கு முன், அப்பாவும் மகளும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட வேண்டும். பொழுதுபோக்காகச் செய்பவர்கள் பெரும்பாலும் மரத்துக்கு மட்டும்தான் விலை போடுகிறார்கள். ‘கட்டை நம் வரப்பில் கிடந்தது, வேலை நாமே செய்தது, வருவதெல்லாம் லாபம்’ என்று நினைக்கிறார்கள். விளைச்சலுக்குக் கணக்குப் போடும்போது சொந்த வீட்டு ஆட்களின் கூலியை விட்டுவிட்டு லாபம் பார்ப்பதுபோலத்தான் இதுவும்.

ஒரு ஜாண் நீளமுள்ள காளை பொம்மையை எடுத்துக்கொள்வோம். கட்டையை அறுத்து, உளியால் உருவம் எடுத்து, அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, எண்ணெய் பூசி முடிக்க 5 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கட்டைக்கு 40 ரூபாய். உப்புத்தாள், எண்ணெய் 30 ரூபாய். உளி தீட்டும் செலவு, தேய்மானம் 20 ரூபாய். ஆக, கையை விட்டுப் போகும் செலவு மட்டும் 90 ரூபாய். வியாபாரி தரும் 150 ரூபாயில் இதைக் கழித்தால் மிஞ்சுவது 60 ரூபாய். அதை 5 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 12 ரூபாய். களை பறிக்க வரும் ஆளுக்கு இந்தக் கூலியைச் சொன்னால் வரப்பிலேயே திரும்பிப் போய்விடுவார்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். கைவேலை தெரிந்த ஒருவருக்கு 8 மணி நேரத்துக்கு 640 ரூபாய் கூலி என்று வைத்தால், மணிக்கு 80 ரூபாய். 5 மணி நேரத்துக்கு 400 ரூபாய். செலவு 90 ரூபாயைச் சேர்த்தால் 490. பத்தில் ஒன்று கொம்பு உடைந்தோ, கால் வெடித்தோ வீணாகும். அதற்கு 50 ரூபாய். பொதிந்து கட்ட 30 ரூபாய். மொத்தம் 570 ரூபாய். இதுதான் மொத்த விலையின் அடிமட்டம். இதற்குக் கீழே போனால் அப்பா தன் உழைப்பை வியாபாரிக்குத் தானம் கொடுக்கிறார் என்று அர்த்தம். நேரடியாகச் சந்தையில் உட்கார்ந்து விற்பதாக இருந்தால், அந்த நாள் கூலி, பஸ் செலவு, விற்காமல் திரும்பி வரும் பொருள் எல்லாவற்றையும் சேர்த்து 850 ரூபாய் வரை சொல்லலாம். இங்கே சொன்ன தொகைகள் எல்லாம் உதாரணம்தான். அவரவர் ஊர்க் கூலியையும், கடிகாரத்தை வைத்துப் பார்த்த நேரத்தையும் போட்டு அவரவர் கணக்கை எடுக்க வேண்டும்.

விலையைவிட முக்கியமானது நாள் கணக்கு. 200 காளைக்கு 1,000 மணி நேரம் வேண்டும். மாலையில் தினமும் 4 மணி நேரம் உட்கார்ந்தாலும் 250 நாள்கள் ஆகும். கையில் இருப்பது 90 நாள். அதிலும் ஆடிப்பட்டத்தில் விதைப்பு வந்துவிடும். அதன் பிறகு களை எடுப்பு, 45-ம் நாள் ஜிப்சம் போட்டு மண் அணைப்பு என்று நிலக்கடலைக்குத் தவறவிடக் கூடாத வேலைகள் எல்லாம் இந்த மூன்று மாதத்துக்குள்தான் வருகின்றன. காளைக்காகக் கடலையை விட்டால் இரண்டும் கைக்கு வராது. ஒரு வேலையும் குறுக்கே வராமல் 90 நாளும் செதுக்கினால்கூட 72 பொம்மைதான் முடியும். காட்டு வேலையையும், உடம்புக்கு முடியாத நாள்களையும் கழித்தால் 40 என்பதுதான் தைரியமாக ஒப்புக்கொள்ளக்கூடிய எண்ணிக்கை.

வியாபாரியைக் குறை சொல்லவும் வேண்டியதில்லை. கடை வாடகை, விற்காமல் நிற்கும் சரக்கு எல்லாம் அவர் தலையில்தான் விழும். அதனால் ‘முடியாது’ என்று சொல்வதைவிட, ‘40 உருப்படி, இந்த விலை, இந்தத் தேதி’ என்று சொல்லிப் பார்க்கலாம். விலை ஒத்துவரவில்லை என்றால் வேலையைச் சுருக்கலாம். காளையின் பக்கவாட்டு உருவத்தைத் தகரத்தில் வெட்டி அச்சாக வைத்துக்கொண்டு, பத்துக் கட்டைகளை ஒரே நாளில் மரம் அறுக்கும் மில்லில் வெளிக்கோடு அறுத்து வாங்கிவிட்டால், 5 மணி நேர வேலை 3 மணி நேரமாகக் குறைய வாய்ப்பு உண்டு. அறுப்புக் கூலியைச் சேர்த்தாலும் அடிமட்ட விலை 400 ரூபாயை ஒட்டி வந்துவிடும். கரண்டி, மத்து, சாவிக்கொத்து பொம்மை போன்ற சின்னப் பொருள்களையும் இடையில் செய்யலாம்.

அட்வான்ஸ் வாங்கினால் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். எத்தனை உருப்படி, என்ன அளவு, என்ன விலை, மீதிப் பணம் எப்போது, கையால் செய்ததில் எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம், எண்ணிக்கை குறைந்தால் அட்வான்ஸ் எப்படிக் கழியும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மாதிரிக்கு ஒரு பொம்மையை இரு தரப்பும் பார்த்து ஒப்புக்கொண்டு, தனியாக எடுத்து வைப்பது நல்லது.

வேறு வழிகளும் இருக்கின்றன. வீட்டில் யாராவது மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்தால், ‘மதி’ கண்காட்சிகளிலும் கல்லூரிச் சந்தைகளிலும் இடம் கேட்கலாம். தமிழ்நாடு அரசின் ‘பூம்புகார்’ நிறுவனம் கைவினைஞர்களிடம் கொள்முதல் செய்கிறது. மாதிரியுடன் போய் விசாரிக்கலாம். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும்போது காலை வெயிலில் நிழலான இடத்தில் வைத்து, பக்கத்தில் ஒரு கையோ, உழக்கோ தெரியும்படி எடுத்தால் அளவு புரியும்.

கடைசியாக ஒன்று. அப்பா இத்தனை வருடம் செதுக்கியது காசுக்காக அல்ல. மாதத்தில் ஒரு பொம்மையாவது விலை பேசாமல் அவர் விருப்பத்துக்குச் செய்யட்டும். அந்தக் கைதான் அடுத்த வருடமும் உளியைப் பிடிக்க வேண்டும்.

“செதுக்கும்போது நன்றாக இருக்கும் பொம்மை, ஒரு மாதத்தில் வெடித்துவிடுகிறது. வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். என்ன செய்வது?”

– வாசகர், உத்திரமேரூர்.

ஈரக்கட்டையில் செதுக்கியதுதான் காரணமாக இருக்கும். மரத்தின் வெளிப்பக்கம் சீக்கிரம் காய்ந்து சுருங்குகிறது. உள்பக்கம் ஈரத்தோடு அப்படியே இருக்கிறது. இந்த இழுபறியில்தான் வெடிப்பு விழுகிறது. கட்டையின் வெட்டுமுனை வழியாக ஈரம் மற்ற பக்கங்களைவிட வேகமாக வெளியேறும். அதனால் மரம் வெட்டிய அன்றே இரண்டு முனைகளிலும் உருக்கிய மெழுகையோ, மீந்துபோன பெயின்ட்டையோ பூச வேண்டும்.

உருட்டுக்கட்டையாக வைக்காமல், நடுவில் இருக்கும் குருத்தை விலக்கி இரண்டு, நான்காகப் பிளந்துவிட்டால் வெடிப்பு வெகுவாகக் குறையும். பிளந்த கட்டைகளைத் தரையில் போடாமல், இடையிடையே குச்சி வைத்துக் காற்றுப் போகும்படி நிழலில் அடுக்க வேண்டும். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும் என்று நினைப்பது தவறு. சீக்கிரம் வெடிக்கும்.

காய்ந்துவிட்டதா என்பதைத் தராசே சொல்லிவிடும். ஒரு கட்டையில் அடையாளம் போட்டு, வாரம் ஒரு முறை எடை பார்த்து எழுதி வர வேண்டும். மழையில்லாத நாள்களில் தொடர்ந்து சில வாரங்களுக்கு எடை குறையாமல் நின்றால் உளியை எடுக்கலாம். கனமான கட்டைக்குப் பல மாதங்கள் பிடிக்கும். எனவே, அடுத்த ஆண்டுக்கான கட்டையை இந்த ஆண்டே அடுக்கி வைக்கிற பழக்கம் வேண்டும்.

வாகை போன்ற மரங்களின் வெளிப்பகுதியில் உள்ள வெள்ளைக்கட்டையை வண்டு துளைக்கும். மாவுபோல் தூள் கொட்டினால் அந்தப் பொம்மையை விற்கக் கூடாது. வைரம் பாய்ந்த பகுதியையே பயன்படுத்துவது நல்லது.

மேல்பூச்சுக்குத் தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் ஏற்றவை அல்ல. அவை காயாது. நாள்பட சிக்கு வாடை அடிக்கும். காயும் தன்மையுள்ள ஆளி விதை எண்ணெய் ஏற்றது. ஆனால், ஒரு எச்சரிக்கை... அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்த வேண்டும். உப்புத்தாள் தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது அவசியம்.

“எந்த மரத்தில் வேண்டுமானாலும் செதுக்கி விற்கலாமா? பதிவு, வரி ஏதாவது உண்டா? ‘அரும்பாவூர் சிற்பம்’ என்று சொன்னால் விலை கிடைக்கும் என்கிறார்களே?”

– வாசகர், ஆத்தூர்.

சந்தனம், ஈட்டி, செம்மரம் ஆகியவை பட்டா நிலத்தில் நின்றாலும், காற்றில் விழுந்தாலும், வனத்துறையிடம் கேட்காமல் கை வைக்கக் கூடாது. புறம்போக்கிலும் சாலையோரத்திலும் விழுந்த கிளை நமக்குச் சொந்தமல்ல. வேம்பு, மா, பலா, பூவரசு என்று சொந்த நிலத்து மரங்களே செதுக்கப் போதும். கட்டையை வெளியூருக்கு வண்டியில் ஏற்றுவதற்கு முன், அனுமதி தேவையா என்று வனச்சரக அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

அரும்பாவூர் மரச்சிற்பம் 2020-ம் ஆண்டும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-ம் ஆண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. வேறு ஊரில் செய்த பொருளுக்கு அந்தப் பெயரை ஒட்டி விற்பது சட்டப்படி குற்றம். வியாபாரி அப்படி ஒட்டக் கேட்டாலும் ஒப்புக்கொள்ளக் கூடாது. செய்தவர் பெயரையும் ஊரையும் பொம்மையின் அடியில் பொறித்தால், நாளடைவில் அதுவே அடையாளமாகிவிடும்.

குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருள்கள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்பவற்றுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. அந்த அலுவலகம் வழங்கும் ‘பெஹ்சான்’ அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வது இதற்காகவே பயன்படும். ‘உத்யம்’ பதிவுக்கு அரசு கட்டணம் எதுவும் இல்லை. யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 சதவிகித மானியத்துடன் (அதிகபட்சம் 50,000 ரூபாய்) கடன் கிடைக்கிறது. தகுதி விவரங்களை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம்.

விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. ஆனால், பொம்மை விற்ற பணம் விவசாய வருமானம் ஆகாது. அதனால் இதற்குத் தனியாக ஒரு நோட்டுப் போட்டு, வரவு, செலவு, செலவழித்த மணி நேரம் மூன்றையும் எழுதி வர வேண்டும். அடுத்த முறை யாராவது விலை கேட்டு வரும்போது, அந்த நோட்டைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம்.