கம்பளியும் ரஸப்பொடியும்

கோடை விடுமுறைக்கு நேயர்களில் பலர் கொடைக்கானலுக்கோ குற்றாலத்துக்கோ போய் வந்திருப்பீர்கள். இந்த வருஷம் நாம் சற்றுத் தூரமாகவே போய்விட்டோம். லண்டனில் உத்தியோகமாயிருக்கும் மைத்துனர் வீட்டில் பத்து நாள் தங்கி, பார்க்க வேண்டியவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகு, "இனி எங்கே போகலாம்?" என்று கேட்டோம். நம்முடைய குமாரத்தி, பதினாறு வயதுப் பெண், "கேம்பிரிட்ஜ்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொன்னாள்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒரு வருஷமாக நம் வீட்டில் நடந்து வரும் விவாதம் இருக்கிறது. கணிதத்தில் மேற்படிப்புக்கு அந்த ஸர்வகலாசாலைக்கு மனுப்போட வேண்டும் என்பது பெண்ணின் கட்சி. "ஒரு பெண்ணைத் தனியாக அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டு நாம் இங்கே சாதம் சாப்பிட முடியுமா?" என்பது அவள் தாயாரின் கட்சி. நாம் எந்தக் கட்சி என்று கேட்டால், பத்திரிகைக்காரர் வழக்கப்படி நடுநிலைமை என்று சொல்லித் தப்பித்துக் கொள்கிறோம்.

எங்களுடன் நாலாவதாக வந்தவர் கும்பகோணத்து அத்தை. வயது எழுபத்திரண்டு. லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறி ஒரு மணி நேரத்துக்குள் கேம்பிரிட்ஜில் இறங்கினோம். கடைத்தெருவும் கலாசாலைகளுமாகக் கலந்து கிடந்த வீதிகளில் கால் மணி நேரம் நடந்த பிறகு அத்தை நின்றார். "ஏண்டா, ஸர்வகலாசாலை எங்கே இருக்கு?" என்றார்.

பதில் சொல்லத் திணறினோம். அப்படி ஒரு கட்டடம் கிடையாது. முப்பத்தோரு கலாசாலைகள் ஊரெல்லாம் பரவிக் கிடக்கின்றன. "கும்பகோணத்தில் வந்து இறங்கிய ஒருவன் 'கோயில் எங்கே?' என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்று திருப்பிக் கேட்டோம். அத்தைக்கு விளங்கிவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு கலாசாலை வாசலையும் அவர் கோபுரம் என்றே சொன்னார். உள்ளே புல்தரை விரித்த முற்றங்களைப் பிராகாரம் என்றார். பொருந்தாத பெயர்கள் என்று நமக்குத் தோன்றவில்லை.

இந்த ஊர் ஸர்வகலாசாலை 1209-ம் வருஷத்தில் தோன்றியது. ஆக்ஸ்போர்டில் ஊராருடன் ஏற்பட்ட கலவரத்துக்குப் பயந்து ஓடிவந்த சில பண்டிதர்கள் ஆரம்பித்தது. கலாசாலைகளில் மூத்ததான பீட்டர்ஹவுஸ் 1284-ல் ஏற்பட்டது. ஆறாம் ஹென்றி அரசன் 1446-ல் அஸ்திவாரமிட்ட கிங்ஸ் கலாசாலைத் தேவாலயம் முடிய எழுபது வருஷம் சென்றது. அதன் கல் விதானம் விசிறிகளை விரித்து அடுக்கினாற்போல் தலைக்கு மேலே நிற்கிறது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். அதை வர்ணிக்க நம்மால் ஆகாது. புகைப்படங்களை நேயர்கள் பார்த்துக் கொள்ளலாம்.

காம் நதியில் ஓடம் விட்டுக் கொண்டு போனோம். அரசலாற்றைவிடச் சிறியது என்பது அத்தையின் அபிப்பிராயம். நீண்ட கழியால் ஓடத்தை ஊன்றித் தள்ளிய வாலிபன், குவீன்ஸ் கலாசாலையின் மரப்பாலத்தைக் காட்டி, "ஒரு ஆணி இல்லாமல் நியூட்டன் கட்டியது" என்று கம்பீரமாகச் சொன்னான். நம் பெண் சிரித்தாள். "நியூட்டன் இறந்தது 1727-ல். இந்தப் பாலத்தைக் கட்டியது 1749-ல். எப்படி வந்து கட்டினார்?" என்றாள். ஓடக்காரன் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "நன்றாக இருக்கும் கதையைக் கெடுக்காதீர்கள்" என்றான். அவள் தாயார் அப்போது பெண்ணைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் கவலையும் இருந்தன.

அன்றிரவு ஒரு விடுதியில் தங்கினோம். ஆனி மாதம்தான், ஆனாலும் நம்மூர் மார்கழி தோற்றுப் போகும் குளிர். காலையில் அத்தையின் அறைக்குப் போன பெண், "அப்பா, சீக்கிரம் வாருங்கள்" என்று கூப்பிட்டாள். அத்தை படுக்கையின் மேலே, விரிப்பு கலையாமல், சால்வையைப் போர்த்திக் குறுகிப் படுத்திருந்தார். இரவெல்லாம் தூக்கமில்லையாம். கம்பளியும் துப்பட்டியும் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகப்பட்டிருந்தன. அவற்றை இழுத்து, இடையே நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. "அதை அழகுக்குன்னா போட்டிருக்கான்னு நினைச்சேன்!" என்றார்.

எல்லாரும் சிரித்தோம், பெண் மட்டும் சிரிக்கவில்லை. "ராமானுஜனும் இப்படித்தான் படுத்திருந்தார்" என்றாள்.

அது உண்மைதான். பிற்காலத்தில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளிவிவரக் கழகத்தை நிறுவிய மகாலானோபிஸ், அப்போது இவ்வூரில் கிங்ஸ் கலாசாலை மாணவராயிருந்தார். ஒரு குளிர்காலத்தில் அவர் ராமானுஜனைப் பார்க்கச் சென்ற போது, இரவில் குளிர் தாங்காமல் ஓவர்கோட்டை மாட்டிக் கொண்டு சால்வை சுற்றிப் படுப்பதாகத் தெரிந்தது. படுக்கையில் போதுமான கம்பளிகள் இருந்தன. அவற்றுக்குள் நுழைய வேண்டுமென்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மகாலானோபிஸ் கம்பளியை விலக்கிக் காட்டிக் கொடுத்ததாக எழுதியிருக்கிறார்.

"சாரங்கபாணி சந்நிதித் தெருப் பிள்ளையா?" என்று அத்தை எழுந்து உட்கார்ந்தார். ஆம், அந்தத் தெருப் பிள்ளைதான். 'தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ்' என்று பேர் பெற்ற கும்பகோணம் காலேஜில் 1904-ல் சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனியாமல் உபகாரச் சம்பளத்தை இழந்த பிள்ளை. சென்னைத் துறைமுக ஆபீஸில் மாதம் முப்பது ரூபாய் குமாஸ்தாவாக இருந்து கொண்டு, 1913 ஜனவரியில் இவ்வூர் டிரினிடி கலாசாலைக் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியவர். 1914 ஏப்ரலில் இங்கே வந்து சேர்ந்த போது வயது இருபத்தாறு.

காலை ஆகாரம் ஆனதும் டிரினிடிக்குப் போனோம். பெரிய வாசலுக்கு மேலே எட்டாம் ஹென்றி அரசனின் சிலை. கையில் செங்கோலுக்குப் பதில் யாரோ குறும்பர் செருகிய நாற்காலிக் கால். தெருவுக்கு எதிர்ப்புறத்தில் ஹியூவெல்ஸ் கோர்ட் என்ற விடுதிக் கட்டடம். ராமானுஜன் அங்கே ஓர் அறையில் இருந்தார். மாணவர் வசிக்கும் இடமாதலால் கண்டபடி உள்ளே போக முடியாது. தெருவிலேயே நின்று ஜன்னல்களைப் பார்த்தோம்.

"என்னடா சாப்பிட்டிருப்பான்?" என்று கேட்டார் அத்தை.

ராமானுஜனைப் பற்றிப் பேசுகிறவர்கள் டாக்ஸி நம்பர் 1729-ஐச் சொல்லாமல் இருப்பதில்லை. அந்தக் கதையை நேயர்கள் அறிவீர்கள், விட்டுவிடுகிறோம். அத்தையின் கேள்விதான் பெரிய கேள்வி. கலாசாலையின் போஜன மண்டபத்தில் அவர் சாப்பிட முடியாது. மரக்கறி தவிர வேறு தொடாதவர். அறையிலேயே சமைத்துக் கொண்டார், அதுவும் கணக்கில் ஆழ்ந்தால் வேளை தவறி. வந்த நாலாம் மாதமே ஐரோப்பிய யுத்தம் மூண்டது. டிரினிடியின் நெவில் முற்றத்துத் தாழ்வாரங்களில் காயமடைந்த சிப்பாய்களைக் கிடத்தி ஆஸ்பத்திரி நடத்தினார்கள். கணிதத்தில் துணையாயிருந்த லிட்டில்வுட் ராணுவத்துக்குப் போய்விட்டார். காய்கறி அருமையாயிற்று, கடல் வழித் தபாலும் பொட்டலங்களும் நிச்சயமில்லாமல் போயின. 1917-ல் படுக்கையில் விழுந்தார். அதன் பிறகு ராயல் ஸொஸைடி அங்கத்தினர் பதவியும், டிரினிடியின் பெல்லோ பதவியும் 1918-ல் வந்தன. 1919-ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ம் தேதி சென்னையில் காலமானார். வயது முப்பத்திரண்டு. க்ஷயரோகம் என்று அப்போது சொன்னார்கள். ஈரலைப் பற்றிய, சிகிச்சைக்கு வசப்படக் கூடிய நோயாக இருந்திருக்கலாம் என்று பிற்கால வைத்தியர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். சாட்டர்ஜி என்ற இந்திய மாணவரையும் அவருக்கு நிச்சயமாகியிருந்த பெண்ணையும் ராமானுஜன் ஒரு நாள் தம் அறைக்கு விருந்துக்கு அழைத்தார். தாமே வைத்த ரஸத்தைப் பரிமாறினார். ஒரு தடவை வாங்கிக் கொண்டார்கள். இரண்டாந் தடவையும் வாங்கிக் கொண்டார்கள். மூன்றாந் தடவை பெண்கள் வேண்டாமென்றதும், ராமானுஜன் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போய்விட்டார். தேடினால் ஆளைக் காணோம். சில நாள் கழித்து, பணம் அனுப்பும்படி ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது!

"பின்னே? போட்டதை வேண்டாம்னா மனசு நோகாதா?" என்று அத்தை அவர் பக்கமே பேசினார். "பெண்டாட்டியை அழைச்சுண்டு வந்திருந்தா இந்தக் கஷ்டம் உண்டா?"

நம் வீட்டு அம்மாள் அதுவரை ஒன்றும் பேசாமல் ஜன்னல்களையே பார்த்துக் கொண்டிருந்தாள். "அந்தப் பெண் என்ன ஆனாள்?" என்றாள்.

ஜானகி அம்மாள் தாமும் உடன் வருவதாகக் கேட்டாராம், நடக்கவில்லை. இருவருக்கும் இடையே போன கடிதங்கள்கூட வீட்டிலேயே தடைப்பட்டன. ராமானுஜன் இறந்த போது அவருக்கு வயது இருபத்தொன்றுக்குக் கிட்டத்தட்ட. தையல் கற்றுக் கொண்டு, சொற்பப் பென்ஷனையும் தையல் வருமானத்தையும் வைத்துத் திருவல்லிக்கேணியில் வெகு காலம் வாழ்ந்து, 1994-ல் காலமானார். கணவர் கடைசி வருஷத்தில் படுக்கையில் கிடந்து எழுதிய காகிதங்கள் சென்னை ஸர்வகலாசாலை வழியாக ஹார்டியிடம் போய், கை மாறிக் கை மாறி, 1968-ல் டிரினிடியின் ரென் புத்தகசாலைக்கு வந்து சேர்ந்தன. 1976-ல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் அங்கே ஒரு பெட்டியில் அவற்றைக் கண்டு, இன்னதென்று உணர்ந்தார். நியூட்டன் தம் கையால் குறிப்பெழுதிய பிரதி இருக்கும் அதே புத்தகசாலை. அதன் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்துக் கும்பிட்டார் அத்தை.

திரும்பும் வழியில் ஸெனட் மண்டபத்தின் முன் பெண் நின்றாள். பட்டமளிக்கும் மண்டபம் அது. 1890-ல் பிலிப்பா பாஸெட் என்ற பெண் இவ்வூர்க் கணிதப் பரீட்சையில் முதல் ஸ்தானத்து ஆண்மகனையும் மிஞ்சினாள். ஆனால் பட்டம் கிடையாது. 1897-ல் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கலாமா என்று வோட்டு எடுத்த போது, மாணவர்கள் சைக்கிள் ஏறிய ஒரு பெண் பொம்மையை எதிர்க் கட்டடத்து ஜன்னலிலிருந்து தொங்கவிட்டுக் கூச்சலிட்டார்கள். தீர்மானம் தோற்றது. பெண்களுக்குப் பட்டம் வந்தது 1948-ல்! அதாவது நம் தேசம் சுதந்திரம் பெற்ற மறு வருஷம். நமக்கு நாகரிகம் கற்பிக்க வந்தவர்களின் ஊர் இது. கல்கத்தா ஸர்வகலாசாலை சந்திரமுகி பாஸு, காதம்பினி கங்கூலி என்ற இரு பெண்களுக்கு 1883-லேயே பி.ஏ. பட்டம் கொடுத்துவிட்டது.

"அப்படியானால் இப்போது அவர்கள் பெண்களைச் சேர்த்துக் கொள்கிறார்கள், நீதான் அனுப்ப மாட்டேன் என்கிறாய்" என்று பெண் தாயாரைப் பார்த்துச் சொன்னாள். நாம் வானத்தைப் பார்த்தோம்.

ரயிலில் வெகு நேரம் மௌனம். பிறகு அம்மாள், "மாணவர் விடுதியில் அடுப்பு உண்டா?" என்று கேட்டாள். உண்டு என்றாள் பெண். "அடுப்பு இருந்து என்ன? உனக்கு ரஸம் வைக்கத் தெரியுமா?" என்றார் அத்தை.

மறுநாள் மைத்துனர் வீட்டுச் சமையலறையில் பெண் கதவைச் சாத்திக் கொண்டாள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பருப்பு வேகவில்லை, பெருங்காயம் அதிகம். "புளி தூக்கல்" என்று தாயார் சொன்னாள். இரண்டாந் தடவை பரிமாறிவிட்டு, பெண் கரண்டியுடன் மூன்றாந் தடவையாக வந்து நின்றாள். அம்மாள் அவள் முகத்தை ஒரு க்ஷணம் பார்த்துவிட்டு, டம்ளரை நீட்டினாள்.