ஜாக்கலுக்கும் பனிப்போருக்கும் என்ன சம்பந்தம்?

அரசியல் திரில்லர் வாசகர்கள் இனிப் புது எழுத்தாளர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை என்று ஒரு மூத்த விமர்சகர் எழுதியிருக்கிறார். பனிப்போரோடு அந்த வகை முடிந்துவிட்டதாம். 2020 டிசம்பரில் ஜான் லே காரேயும் 2025 ஜூனில் ஃபிரெடரிக் ஃபோர்சித்தும் மறைந்த பிறகு மிச்சம் எதுவும் இல்லையாம். ஆகவே பழையதையே திரும்பப் படியுங்கள், அலுத்துப்போனால் லட்லம், கிளான்சி வரிசையில் புதிதாக வருவதை வாங்குங்கள் என்கிறார். உண்மையிலேயே நல்ல புத்தகம் என்றால் அது தானாக நம் கைக்கு வந்து சேரும் என்றும் சொல்கிறார். இளம் வாசகர்கள் அவரை நம்பிப் படிக்கிறார்கள் என்பதால் இதைச் சும்மா விட முடியவில்லை.

அவர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் நாவலையே எடுத்துக்கொள்வோம். 1971-இல் வந்த ‘தி டே ஆஃப் தி ஜாக்கல்’ பனிப்போர்க் கதையா? அது அல்ஜீரியாவிலிருந்து கிளம்பிய கதை. 1962-இல் அல்ஜீரியா பிரான்ஸின் கைவிட்டுப் போனதற்காகப் பிரெஞ்சு அதிபர் டி கோல்மீது தீராப் பகை கொண்ட ராணுவ அதிகாரிகளும், ஓ.ஏ.எஸ். என்ற ரகசிய அமைப்பும்தான் அதன் அடித்தளம். அதே ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று பாரிஸுக்கு வெளியே பெத்தி-கிளாமாரில் டி கோலின் கார்மீது நடந்த துப்பாக்கிச் சூடு நிஜம். அதற்காக மரண தண்டனை பெற்ற பாஸ்தியன்-திரியும் நிஜம்; அந்தத் தண்டனை நிறைவேற்றப்படுவதோடுதான் நாவல் தொடங்குகிறது. மாஸ்கோவும் வாஷிங்டனும் அந்தக் கதையை நகர்த்தவில்லை. பனிப்போர் இல்லாவிட்டால் இந்த வகை இல்லை என்பவர், தனக்குப் பிடித்த புத்தகம் எதைப் பற்றியது என்பதையே மறந்துவிட்டுப் பேசுகிறார்.

லே காரே விஷயத்தில் இன்னும் மோசம். பெர்லின் சுவர் விழுந்தது 1989-இல். ‘தி கான்ஸ்டன்ட் கார்டனர்’ வந்தது 2001-இல். கென்யாவின் ஏழைகள்மீது மருந்து சோதிக்கும் ஒரு நிறுவனம் அதன் வில்லன். 2008-இல் பயங்கரவாத எதிர்ப்பின் பெயரால் ஹாம்பர்க்கில் நடக்கும் அநியாயத்தை எழுதினார். 2019-இல், வயது எண்பதுகளின் பின்பாதியில், பிரெக்ஸிட் காலத்து பிரிட்டனைக் கோபத்தோடு எழுதினார். வகை செத்துவிட்டதாக அவர் ஒருநாளும் நினைக்கவில்லை. அவருக்கு அஞ்சலி செலுத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டு அவருடைய பாதி வாழ்க்கையை அழித்துவிடுவது அஞ்சலி ஆகாது.

அடுத்தது அந்த லட்லம், கிளான்சி பரிந்துரை. ராபர்ட் லட்லம் இறந்தது 2001-இல். டாம் கிளான்சி இறந்தது 2013-இல். வின்ஸ் ஃபிளினும் அதே ஆண்டில். ஆனால் மூவரின் பெயரும் இன்றும் அட்டைகளில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. எழுதியவரின் பெயர் கீழே சிறிதாக இருக்கும். அந்தச் சின்ன எழுத்துக்காரர்களை நான் இழிவாக நினைக்கவில்லை. கிளான்சியின் ஜாக் ரயன் கதைகளைத் தொடர்ந்து எழுதிய மார்க் கிரீனி, அதற்கு முன்பே 2009-இல் ‘தி கிரே மேன்’ என்ற சொந்த நாவலோடு வந்தவர். வாசகனுக்கு வழிகாட்டுபவர் அந்தச் சின்னப் பெயரைச் சுட்டிக்காட்டி, ‘இவருடைய சொந்தப் புத்தகத்தைப் படி’ என்று சொல்லியிருக்க வேண்டும். பெரிய பெயரை வாங்கு என்பதற்கு விமர்சகர் எதற்கு? அந்த வேலையை விளம்பரப் பலகையே செய்துவிடும்.

கட்டுரையில் என்னை மிகவும் கோபப்படுத்தியது வேறொரு இடம். பாகிஸ்தானிலும் கொலம்பியாவிலும் எழுதப்படுபவை ‘இலக்கியம்’, திரில்லர் அல்ல என்று ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவிடுகிறார். 1988 ஆகஸ்ட் 17 அன்று பஹாவல்பூர் அருகே சி-130 விமானம் விழுந்து பாகிஸ்தான் அதிபர் ஜெனரல் ஜியா உல் ஹக் இறந்தார். அமெரிக்கத் தூதரும் உடன் இறந்தார். காரணம் இன்றுவரை சர்ச்சையில் இருக்கிறது. பாகிஸ்தான் விமானப்படை அகாடமியில் பயிற்சி பெற்ற முகமது ஹனீஃப் அதை வைத்து 2008-இல் ‘எ கேஸ் ஆஃப் எக்ஸ்ப்ளோடிங் மாங்கோஸ்’ எழுதினார். ஆங்கிலப் பதிப்பு பல ஆண்டுகள் தடையின்றி விற்றது. உருது மொழிபெயர்ப்பு வந்ததும், 2020 ஜனவரியில் கராச்சியில் பதிப்பாளரின் அலுவலகத்துக்குள் ஆட்கள் புகுந்து பிரதிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். வந்தவர்கள் தங்களைப் பாகிஸ்தான் உளவு அமைப்பான ஐ.எஸ்.ஐ. என்று சொல்லிக்கொண்டதாக ஹனீஃப் பகிரங்கமாகச் சொன்னார். இதை அரசியல் திரில்லர் இல்லை என்பவருக்கு அரசியலும் தெரியவில்லை, திரில்லரும் தெரியவில்லை.

ஜாக்கலைப் படித்து ரசித்தவன் அடுத்து எங்கே போக வேண்டும்? அல்ஜீரியாவுக்கு. அங்கே யாஸ்மினா காத்ரா இருக்கிறார். அது அல்ஜீரிய ராணுவ அதிகாரி ஒருவர் தணிக்கைக்குத் தப்ப மனைவியின் பெயர்களிலிருந்து எடுத்துக்கொண்ட புனைபெயர். 1990-களின் உள்நாட்டுப் போருக்கு நடுவே இன்ஸ்பெக்டர் லோப் என்ற போலீஸ்காரரை அவர் நடமாடவிட்டார். எந்த அரசாங்கம் எந்தக் கோப்பை மூடி வைத்ததோ அந்த இடத்தில் போய்த் தேடினால் எழுத்தாளன் கிடைப்பான்.

மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பிடித்துக்கொண்டு போவது இன்னொரு வழி. பலரும் இதைச் செய்வதில்லை என்பது எனக்கு வருத்தம். 1948 ஏப்ரல் 9 அன்று பொகோட்டாவில் கொலம்பிய அரசியல் தலைவர் கைத்தான் சுட்டுக்கொல்லப்பட்டதைத் துருவும் ஹுவான் கப்ரியேல் வாஸ்கெஸின் ‘தி ஷேப் ஆஃப் தி ரூயின்ஸ்’ நாவலை ஆங்கிலமாக்கியவர் ஆன் மக்லீன். அவர் மொழிபெயர்த்த மற்றவற்றைத் தேடினால் ஸ்பெயினின் ஹாவியேர் செர்காஸ் வந்து நிற்பார். 1981 பிப்ரவரி 23 அன்று மாட்ரிட் நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கிகளோடு சிவில் கார்டு காவல்படையினர் புகுந்து சுட்டபோது, ஏறத்தாழ எல்லா உறுப்பினர்களும் இருக்கைகளுக்கு அடியில் பதுங்க, மூன்று பேர் மட்டும் பதுங்கவில்லை. ஏன் பதுங்கவில்லை என்று கேட்டு செர்காஸ் ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். அதில் கற்பனைப் பாத்திரமே கிடையாது. ஆனாலும் கீழே வைக்க மனம் வராது.

இனி ‘நல்லது தானாக வந்து சேரும்’ என்ற வாதம். மிக் ஹெரானின் ‘ஸ்லோ ஹார்ஸஸ்’ 2010-இல் வந்தது. விற்கவில்லை. பிரிட்டிஷ் பதிப்பகம் அடுத்த புத்தகத்தை வேண்டாம் என்றுவிட்டது. அமெரிக்காவின் சோஹோ என்ற சிறு பதிப்பகம்தான் அந்த வரிசையின் இரண்டாம் நாவலான ‘டெட் லயன்ஸ்’ஸை வெளியிட்டது. 2013-இல் அது பிரிட்டனின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கத்தின் கோல்ட் டாகர் விருதைப் பெற்றது. தொலைக்காட்சித் தொடர் வந்து உலகமே அவர் பெயரைச் சொன்னது 2022-இல். நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அவரைக் காப்பாற்றியவர்கள் ஒரு சிறு பதிப்பாளரும், விருதுக்குழுவும், தேடிப் படித்த கொஞ்சம் வாசகர்களும். தானாக வரும் என்று உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு துரும்பையும் அசைக்கவில்லை.

விமர்சகரிடம் நேரடியாகவே கேட்கிறேன். முன்னாள் சி.ஐ.ஏ. அதிகாரி ஐ. எஸ். பெரி, அரபு வசந்தக் கிளர்ச்சியின்போதான பஹ்ரைனை வைத்து 2023-இல் எழுதிய முதல் நாவல் ‘தி பீகாக் அண்ட் தி ஸ்பாரோ’. சிறந்த முதல் நாவலுக்கான எட்கர் விருதை 2024-இல் பெற்றது. உங்கள் அடுத்த கட்டுரையில் அதைப் பற்றி எழுதுங்கள். பிடிக்கவில்லை என்றால் ஏன் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள். படித்துவிட்டு எழுதுங்கள்.