நால்வர் என்றால் பாதுகாப்பு வேண்டாமா?

தில்லியை ஒட்டிய குருகிராமிலும் நொய்டாவிலும் உயர்ந்து நிற்கும் கண்ணாடிக் கட்டடங்கள் நாட்டின் வளர்ச்சிக்கு அடையாளமாகப் பேசப்படுகின்றன. அந்தக் கண்ணாடிகளைப் பொருத்துவோரையும், உடைந்தால் மாற்றுவோரையும் பற்றிப் பேசுவார் இல்லை.

12 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ எடை கொண்டது. உயரத்தில் அதைத் தூக்கிப் பொருத்துகையில் காற்று சற்றே பலமாக வீசினாலும் ஆபத்துதான். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி முனைகளாகச் சிதறும். முழு உடல் பாதுகாப்புப் பட்டையும், வெட்டுப்படாத கையுறையும் இல்லாமல் செய்யக்கூடிய வேலையல்ல இது.

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, கட்டுமானம் போன்ற தொழில்களில் குறைந்தது 10 பேர் பணிபுரியும் நிறுவனங்களுக்கே பொதுவாகப் பொருந்தும். கண்ணாடி மாற்ற வருவதோ சிறு ஒப்பந்ததாரரின் ஆள்கள் நான்கைந்து பேர்.

உயிருக்கு ஆபத்தான பணி என்று மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டால் இந்த வரம்பு நீங்கிவிடும். அதே சட்டம் அதற்கு இடமளிக்கிறது. உயரத்தில் கண்ணாடி பொருத்தும் பணிக்கு அத்தகைய அறிவிக்கையை அரசு தாமதமின்றி வெளியிட வேண்டும். ஆள்களை எண்ணிப் பார்த்து ஆபத்து வருவதில்லை.