மசோதாவின் வாசகத்தை மாற்ற மக்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 15 நாள்

புதுதில்லி: கிழக்கு தில்லி மயூர் விஹாரில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் 2011 ஆகஸ்ட் 16-ஆம் தேதி காலை அண்ணா ஹசாரேவைக் காவல் துறையினர் பிடித்துச் சென்றபோது, லோக்பால் மசோதா மக்களவையில் அறிமுகமாகி இரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. பின்னர் ராம்லீலா மைதானத்தில் அவர் மேற்கொண்ட உண்ணாவிரதத்தின் முடிவில், குடிமக்கள் சாசனம், கீழ்நிலை அலுவலர்களையும் வரம்புக்குள் கொண்டுவருதல், மாநிலங்களில் லோக் ஆயுக்த ஆகிய மூன்றையும் நாடாளுமன்றம் கொள்கையளவில் ஏற்றது.

"கொள்கையளவில்" என்ற சொல்தான் கவனிக்கத்தக்கது. சட்டம் நிறைவேற 2013 டிசம்பர் ஆனது; முதல் லோக்பால் தலைவர் 2019 மார்ச்சில்தான் நியமிக்கப்பட்டார். குடிமக்கள் சாசனத்துக்கான தனி மசோதாவோ 15-ஆவது மக்களவையின் பதவிக்காலத்துடன் காலாவதியானது. மைதானத்தில் திரண்ட கூட்டம் அரசை அசைத்தது. வாசகத்தை வரி வரியாகத் திருத்தும் பணி குழு அறைகளில் நடந்தது.

அந்த அறைக்குள் குடிமக்களுக்கும் வழி உண்டு. மசோதா நாடாளுமன்றக் குழுவுக்கு அனுப்பப்பட்டால், கருத்து கோரி நாளிதழ்களில் அறிவிப்பு வெளியாகும். அவகாசம் பெரும்பாலும் 15 நாள். நேரில் சாட்சியமளிக்க விரும்புவோர் அதை மனுவிலேயே குறிப்பிட வேண்டும். எந்தப் பிரிவு, என்ன பாதிப்பு, மாற்று வாசகம் என்ன என்று எழுதும் மனுவைக் குழு எளிதில் பயன்படுத்த முடியும். ஒரே வாசகத்தில் குவியும் ஆயிரம் மின்னஞ்சல்கள் எதிர்ப்பின் அளவை மட்டுமே காட்டும். குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது என்பதும் உண்மையே.

வழி குறுகி வருவதே கவலை. 15-ஆவது மக்களவைக் காலத்தில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களின் ஆய்வுக்குச் சென்றன. 17-ஆவது மக்களவையில் அது 16 சதவீதம். வரைவு மசோதாவை 30 நாள் மக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும் என்ற 2014-ஆம் ஆண்டு மத்திய அரசின் கொள்கைக்குச் சட்ட வலிமை இல்லை.

குழுவுக்குச் செல்லாத மசோதாவில், தொகுதி உறுப்பினரே மிஞ்சும் வழி. அவையில் திருத்தம் முன்மொழியும் உரிமை அவருக்கு உண்டு. மயூர் விஹார்வாசிகள் கிழக்கு தில்லி உறுப்பினரை அணுக வேண்டும். தமிழகத்தில் இருப்பவர் தம் உறுப்பினருக்குத் தமிழிலேயே எழுதலாம். குழுக்களின் அறிவிப்புகளோ வழக்கமாக ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் மனு கோருகின்றன. 15 நாளில் மொழிபெயர்ப்புக்கான நாள்களும் அடக்கம்.