வந்தே பாரத் கடந்து போகுது... வையம்பட்டிக்கு மணிக்கொரு ரயில் எப்போது?

திருச்சி – திண்டுக்கல் ரயில் பாதை இப்போது இரட்டைப் பாதை. மின்மயமாக்கலும் முடிந்துவிட்டது. தேஜஸ், நாகர்கோவில் வந்தே பாரத், மதுரை – பெங்களூரு வந்தே பாரத் என்று வரிசையாக ரயில்கள் ஓடுகின்றன. ஆனால், தேஜஸும் நாகர்கோவில் வந்தே பாரத்தும் கடந்து போகிற வையம்பட்டியிலிருந்து காலையில் திருச்சிக்கு வேலைக்குப் போகிறவருக்கு, 'ஒன்றை விட்டால் அடுத்த மணி நேரத்தில் இன்னொன்று' என்று சொல்லும்படியான ரயில் சேவை கிடையாது. தண்டவாளம் இருக்கிறது, சேவைதான் இல்லை.

இந்தப் பகுதிக்கு ஏன் ரயில் முக்கியம்?

மணப்பாறை என்றால் முறுக்கும் மாட்டுச் சந்தையும் மட்டும் நினைவுக்கு வந்த காலம் மாறிவிட்டது. மொண்டிப்பட்டியில் டி.என்.பி.எல். நிறுவனத்தின் இரண்டாவது ஆலை இயங்குகிறது. மணப்பாறை சிப்காட் வளர்கிறது. 2025-ல் திருச்சியின் பேருந்து முனையம் ஊரின் தெற்கு விளிம்பில் உள்ள பஞ்சப்பூரில் திறக்கப்பட்டது. ரயிலோ ஜங்ஷனில், நகரின் நடுவில் கொண்டுபோய் இறக்கிவிடும். வையம்பட்டியிலிருந்து அங்கே சுமார் 50 கி.மீ. தூரம்தான். தினமும் போய்வரக்கூடிய தூரம்.

'நம்ம ஊருக்கும் ஒரு ஸ்டாப்பிங் கொடுங்க' போதுமா?

ஒவ்வொரு தேர்தலிலும் கேட்கும் கோரிக்கை இது. நியாயமானதுதான். ஆனால், ஒரு எக்ஸ்பிரஸ் ரயில் வேகம் குறைத்து, நின்று, மீண்டும் வேகம் பிடிக்க ஐந்து நிமிடம் வரை போய்விடும். வழியில் பத்து ஊர் கேட்டால் ஐம்பது நிமிடம். அப்புறம் அது எக்ஸ்பிரஸ் இல்லை. அப்படியே நிறுத்தம் கிடைத்தாலும், சென்னைக்காரரின் வசதிக்குப் போட்ட நேரத்தில் வரும் ரயில், காலை ஒன்பது மணி அலுவலகத்துக்கு உதவாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நிறுத்தங்கள் பெரும்பாலும் சோதனை முறையில்தான் தரப்படுகின்றன; டிக்கெட் வருமானம் பார்த்துத்தான் நீட்டிப்பு. வசதியான நேரத்தில் ரயில் இல்லாததால் டிக்கெட் விற்பதில்லை. டிக்கெட் விற்காததால் ரயில் வருவதில்லை. இந்தச் சுழலை நிறுத்தக் கோரிக்கை உடைக்காது.

மாற்று என்ன?

மெமு ரயில். இரு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் என்ஜினை மாற்றிக் கட்ட வேண்டாம். சட்டென்று வேகம் பிடிக்கும் என்பதால் அடிக்கடி நின்றாலும் நேரம் அதிகம் வீணாகாது. திருச்சி – மணப்பாறை – வையம்பட்டி – திண்டுக்கல் இடையே சுமார் 95 கி.மீ. தூரத்துக்கு இதையே மணிக்கு ஒன்றாக ஓட்டலாம். வேக ரயில்கள் வேகமாகவே போகட்டும். ஊர்களுக்கு இது வரட்டும்.

சுவிட்சர்லாந்து 1982-ல் இதைத்தான் நாடு முழுக்கச் செய்தது. எல்லா முக்கிய வழித்தடத்திலும் மணிக்கொரு ரயில், தினமும் அதே நிமிடத்தில். முதலில் கால அட்டவணை, அதற்குத் தேவையான பாதை பிறகு என்று திட்டமிட்டார்கள். நம்மிடம் பாதை முதலிலேயே தயார்.

சிக்கல் இல்லாமல் இல்லை. வந்தே பாரத்துக்கு வழிவிட மெமு சில இடங்களில் ஒதுங்கி நிற்க வேண்டும். திருச்சி ஜங்ஷனில் நடைமேடை நெருக்கடியும் உண்டு. அதனால், காலை, மாலை நெரிசல் நேரத்தில் மட்டும் தொடங்கலாம்.

யாரிடம் கேட்பது?

இங்கேதான் வையம்பட்டி மாட்டிக்கொள்கிறது. வருவாய் நிர்வாகத்தில் திருச்சி மாவட்டம். மக்களவைக்குக் கரூர் தொகுதி. ரயில்வேயில் மதுரைக் கோட்டம். ஆனால் போக வேண்டிய திருச்சி ஜங்ஷன், திருச்சிக் கோட்டம். மூன்று பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் பொறுப்பு. முழுப் பொறுப்பு யாருக்கும் இல்லை.

தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் மித அதிவேக ரயிலுக்காக ஆய்வு அறிவித்த மூன்று தடங்கள் விழுப்புரம், வேலூர் நோக்கிச் சென்னையிலிருந்தும், கோவை – சேலம் இடையேயும்தான். திருச்சி அதில் இல்லை. அப்படி ஒன்று வந்தாலும் பல்லாண்டு ஆகும். மெமுவுக்கு நிலம் எடுக்க வேண்டாம், புதுப் பாதை போட வேண்டாம்.

கட்டணம் பற்றியும் கவலை வேண்டாம். கொரோனாவுக்குப் பிறகு 30 ரூபாயான பாசஞ்சர் ரயிலின் குறைந்தபட்சக் கட்டணம், 2024-ல் மீண்டும் 10 ரூபாய்க்கு வந்துவிட்டது. மாதாந்திர சீசன் டிக்கெட்டும் இருக்கிறது.

இரு கோட்ட மேலாளர்களும், திருச்சி, கரூர், திண்டுக்கல் எம்.பி.க்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து தெற்கு ரயில்வேயிடம் ஒரே கோரிக்கையை வைக்க வேண்டும்: ஓராண்டுக்கு, நெரிசல் நேரத்தில் மணிக்கொரு மெமு. ஓட்டிப் பார்த்துவிட்டு டிக்கெட் கணக்கு பார்க்கட்டும். ரயிலே விடாமல் கூட்டம் இல்லை என்று சொல்வது நியாயம் ஆகாது.