கண்ணை விற்றுச் சித்திரமா?

சாக்லேட் நிற உடல், வெள்ளியாய் வழியும் பிடரி மயிர், அதே வெள்ளியில் வால். ஷெட்லாந்து மட்டக்குதிரையை இந்தக் கோலத்தில் பார்ப்பவர்கள் எளிதில் மயங்கிவிடுவார்கள். ஐஸ்லாந்துக் குதிரையிலும், அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதியில் உருவான ராக்கி மவுண்டன் குதிரையிலும் இதே நிறம் உண்டு. இந்த நிறத்தின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் மரபணுச் சோதனை செய்யாமல் இந்த நிறக் குட்டிகளுக்காகக் குதிரைகளை இணைசேர்ப்பது, பிறக்கப்போகும் குட்டியின் கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கும் செயல். இனப்பதிவுச் சங்கங்கள் அதை அனுமதிக்கக் கூடாது.

குதிரையின் மயிரில் இருப்பவை இரண்டே நிறமிகள்: ஒன்று கருப்பு, மற்றொன்று சிவப்பு. நிறமி உருவாகும் நுண்பைகளுக்குள் கருநிறமி படிவதற்கு நெசவுப்பாவு போல நுண்ணிழைகள் வேண்டும். அந்த இழைகளைத் தரும் புரதத்துக்கான மரபணுவின் பெயர் பிமெல். இந்தப் புரதத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய ஓரிடத்தில் சிஸ்டீன் அமர்ந்துவிட்டால் கருப்பு வெளிறி சாக்லேட் ஆகிறது, பிடரியும் வாலும் வெள்ளியாகின்றன. வெள்ளி நிறத்தோடு இந்த மாற்றத்துக்கு உள்ள தொடர்பை 2006இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மாற்றம் சிவப்பு நிறமியைத் தொடுவதில்லை. அதனால் முழுச் செந்நிறக் குதிரை இந்த மரபணுவைச் சுமந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. ஆபத்து ஒளிந்திருப்பது இங்கேதான்.

பிமெல் புரதம் கண்ணிலும் வேலை செய்கிறது. ராக்கி மவுண்டன் குதிரைகளில் பிறவியிலேயே பல கண்குறைபாடுகள் சேர்ந்து வருவதைக் கால்நடைக் கண்மருத்துவர்கள் 1990களிலேயே விவரித்திருந்தார்கள். நிறத்துக்குக் காரணமான அதே மாற்றமே இவற்றுக்கும் காரணம் என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. மாறிய மரபணுவைத் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரு பிரதியாகப் பெற்ற குதிரைக்குப் பெரும்பாலும் கண்ணுக்குள் நீர்க்கட்டிகள் மட்டுமே இருக்கும், பார்வை அவ்வளவாகப் பாதிக்கப்படாது. இருவரிடமிருந்தும் பெற்ற குதிரையின் நிலை வேறு. விழிவெண்படலம் புடைத்திருக்கலாம், கருவிழித்திரை முழுதாக வளராமல் போகலாம், கண்மணி சுருங்கியே இருக்கலாம், கண்புரையும் வரலாம். தலா ஒரு பிரதி சுமக்கும் இரு குதிரைகளை இணைத்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் இந்தக் கதி நேர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

இப்படிப்பட்ட குதிரைகளும் மேய்ந்து, நடந்து, நன்றாகத்தானே வாழ்கின்றன என்று சிலர் கேட்பார்கள். குதிரை வேட்டையாடப்பட்ட விலங்குகளின் வழிவந்தது. குறையை மறைத்துக்கொண்டு கூட்டத்தோடு நகர்வது அதன் இயல்பு. அது தடுமாறாமல் நடப்பதை வைத்து அதற்குக் கண் தெரிகிறது என்று முடிவுகட்ட முடியாது. பல தலைமுறைகளாக இந்த நிறம் இருந்துவருகிறதே என்பது இன்னொரு வாதம். நிறத்துக்காகவே இரண்டு வெள்ளிக் குதிரைகளைத் தேடிப்பிடித்து இணைக்கும்போது, தற்செயலாக நேர்ந்துகொண்டிருந்தது திட்டமிட்ட செயலாகிவிடுகிறது.

வலுவான மறுப்பு வேறொன்று: மரபணுவையே ஒழிக்கப் புறப்பட்டால் சிறிய இனங்களின் மரபு வளம் மேலும் குறுகிவிடும். இதை நான் முழுமையாக ஏற்கிறேன், அதனால்தான் மரபணுவுக்கே தடை கேட்கவில்லை. வெளிறிய நிறம் எல்லாமே கேடு என்றும் சொல்லவில்லை. நார்வேயின் ஃபியோர்டு குதிரைக்கு மங்கிய மணல் நிறமும் முதுகில் கருங்கோடும் தரும் மரபணு முற்றிலும் வேறு. அதற்கும் இந்தக் கண்நோய்க்கும் சம்பந்தமில்லை. வெள்ளி மரபணு ஒரு பிரதி உள்ள குதிரையை அது அறவே இல்லாத குதிரையோடு சேர்த்தாலே சராசரியாகப் பாதிக் குட்டிகளுக்கு அது கிடைக்கும், இரட்டைப் பிரதியோடு ஒரு குட்டியும் பிறக்காது. விரும்பிய நிறத்தை வளர்ப்பவர் இழப்பதில்லை.

செலவைக் காரணம் காட்டுவதும் நிற்காது. சோதனைக்கு வேரோடு பிடுங்கிய சில மயிர்கள் போதும். வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும், முடிவு மாறாது. சங்கங்கள் இரு பெற்றோரின் சோதனை முடிவையும் கேட்ட பிறகே குட்டியைப் பதிவு செய்ய வேண்டும். வெள்ளி நிறம் ஓடும் வம்சங்களில் பிறந்த செந்நிறக் குதிரைகளுக்கும் இந்த விதி பொருந்த வேண்டும். சாக்லேட் நிறக் குதிரைகளை மட்டும் சோதித்தால், செந்நிறப் பெட்டையின் வழியாக இரண்டாவது பிரதி யாருக்கும் தெரியாமல் குட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.