காது சொல்லும் சாட்சி

மலைக்காட்டுக் கதிர்க்குருவிகளை அடையாளம் காண்பதில் ஒளிப்படத்துக்கு நாம் கொடுக்கும் முதலிடம் அநியாயமானது. சிச்சுவான் புதர்க் கதிர்க்குருவிக்கு அறிவியல் பெயர் சூட்டியது 2015-இல்தான். மத்திய சீன மலைகளின் புதர்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் (ஆம், மனிதர்கள் இலை பறிக்கும் இடத்தில்) அது சாதாரணமாகவே வாழ்கிறது. ஆனால் பழுப்பு உடம்பு, தரையை ஒட்டிய அடர்த்தியில் பதுங்கும் குணம், நெருங்கிய உறவினமான செம்பழுப்புப் புதர்க் கதிர்க்குருவியின் அதே சாயல். பிரித்துக் காட்டியது பாட்டு: தாழ்ந்த சுருதியில் இழுபடும் ரீங்காரம், உடனே ஒரு சொடக்கு, அலுக்காமல் திரும்பத் திரும்ப.

இத்தகைய பறவைகள் பாட்டைக் கற்றுக்கொள்பவை, எனவே இந்தப் பாட்டு வேறுபாடு வட்டார வழக்காக இருக்கலாமே என்று கேட்பது நியாயம்தான். ஆனால் இரண்டும் ஒரே மலையில், பொதுவாக சிச்சுவான் குருவி கீழேயும் மற்றது மேலேயுமாக, தத்தம் பாட்டோடு வாழ்கின்றன. வட்டார வழக்கு என்றால் இந்த அண்டைவீட்டில் கலந்திருக்க வேண்டும். மரபணு ஆய்வும் இவை பிரிந்து சுமார் 8.5 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன என்றது. பாடாத பருவத்தில் என்ன செய்வது? பட்டியலில் இனப்பெயரை எழுதாமல் விடலாம். பலருக்கு அதுதான் கசக்கிறது. பெயரை எழுதும் அவசரத்தில் பதிவு செய்த பாட்டை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது காதை நம்புவதாகாது. அது, கூடுகட்டும் காலத்தில் இல்லாத எதிரியோடு பறவையை மல்லுக்கு நிறுத்துவது.